மேப்பிள் இலையின் சிவப்பைக் காப்பாற்ற

கனடாவில், ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவில் எங்கள் தெரு ஒக்ரோபர் நடுப்பகுதியில்தான் நன்றாகச் சிவக்கும். ஒரு இரவு காற்றும் மழையும் சேர்ந்தால் எல்லாம் கொட்டிவிடும். அதனால் அந்த நாட்களில் பேத்தி பள்ளிக்கூடத்தால் வந்ததும் நாங்கள் துணிப்பையோடு இறங்கிவிடுவோம். இலை பொறுக்கப் பின்னேரமே நல்லது. காலைப் பனியின் ஈரம் அதற்குள் காய்ந்துவிடும்.

அன்று விழுந்த இலையாகப் பாருங்கள். காம்பை மெல்ல வளைத்தால் முறியக் கூடாது. ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவில் எவ்வளவு வடிவான இலை கிடந்தாலும் கையை வைக்காதீர்கள். அங்கிருந்து எதையும் எடுத்துவரச் சட்டம் விடாது. தெருவோர இலையே தாராளம்.

வீட்டுக்கு வந்ததும் பழைய பேப்பருக்குள் ஒன்றோடொன்று முட்டாமல் அடுக்கி, மேலே 20 இறாத்தல் அரிசிப் பையைத் தூக்கி வைப்பேன். மறுநாள் பேப்பரை மாற்ற வேண்டும். முதல் வருடம் நான் மாற்றவில்லை. ஈரம் போக வழியில்லாமல் நாற்பது இலையும் கறுத்து, பூஞ்சணம் பிடித்துவிட்டது. பேத்தியின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. இப்போது முதல் மூன்று நாளும் மாற்றுகிறேன். ஒரு கிழமையில் இலை தட்டையாகக் காய்ந்துவிடும்.

அப்புறம் மெழுகு. தேன்மெழுகைச் சின்னச் சட்டியில் போட்டு, அதைக் கொதிநீர்ச் சட்டிக்குள் இறக்கி உருக்குங்கள். அடுப்பில் நேரே வைத்தால் தீப்பிடிக்கும். இது பெரியவர்கள் செய்யும் வேலை. காம்பில் பிடித்து இலையை அமிழ்த்தி, இரண்டு விநாடியில் தூக்குங்கள். மெழுகு நுனிக்கு ஓடி, துளித்துளியாகச் சொட்டும். சொட்டு நிற்கும் வரை பொறுத்திருந்து பேக்கிங் கடதாசியில் கிடத்துங்கள். மெழுகு சரியான சூட்டில் இருந்தால் நரம்பெல்லாம் தெளிவாகத் தெரியும். ஆறிப்போனால் இலைமேல் வெள்ளையாகத் தடித்துவிடும். உடனே சட்டியைத் திரும்பச் சூடாக்குங்கள்.

மாலை, வளையம் கட்ட வளைகிற இலை வேண்டுமென்றால் கிளிசரின்தான். மருந்துக் கடையில் கிடைக்கும். ஒரு பங்கு கிளிசரினுக்கு இரண்டு பங்கு தண்ணீர். இதற்குக் காய வைத்த இலை சரிவராது, பச்சை ஈரம் இருக்க வேண்டும். இலைக்குள் இருக்கும் தண்ணீரின் இடத்தை கிளிசரின் பிடித்துக்கொள்வதால்தான் இலை மெத்தென்று இருக்கிறது. தட்டில் ஊற்றி, இலையைப் பரப்பி, மிதக்காமல் மேலே இன்னொரு தட்டை வையுங்கள். நாலைந்து நாளில் எடுத்துத் துடைக்கலாம். ஆனால் நிறம் இருண்டுவிடும். ஓக் இலைக்கு அந்தத் தவிட்டு நிறம் அழகு. மேப்பிளின் சிவப்புக்கு நான் மெழுகையே நம்புகிறேன்.

தீபாவளிக்கு வாசல் நிலையில் மாவிலைத் தோரணம் கட்டுவோம். அது தமிழ்க் கடையில் வாங்குவது. உள்ளே சாப்பாட்டறைச் சுவரில் பேத்தியின் மேப்பிள் தோரணம். ஒரு நூலில் பதினைந்து இலை, காம்போடு முடிச்சுப் போட்டுக் கட்டியது. யன்னல் பக்கம் தொங்கவிட வேண்டாம், வெயில் பட்டால் சிவப்பு வெளுத்துவிடும். ஹீற்றர் காற்று வரும் துவாரத்துக்கு மேலேயும் வேண்டாம், மெழுகு இளகிவிடும். தை பிறந்ததும் கழற்றி, இலைக்கு இலை கடதாசி வைத்துச் சப்பாத்துப் பெட்டியில் மூடி, நிலவறையில் வைத்துவிடுவேன்.