'வந்த பையன்' ஆங்கிலத்தில் எப்படி வருவான்? பெயர்ச்சொல்லோடு வாக்கியத்தை இணைக்கும் முறை, படிப்படியாக

'நேற்று வந்த பையன்' என்று தமிழில் சொல்லும்போது பையன் கடைசியில்தான் வருகிறான். அவனைப் பற்றிய விவரம் எல்லாம் முன்னாலேயே வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் இது தலைகீழ்: 'தி பாய் ஹூ கேம் யெஸ்டர்டே'. முதலில் பெயர், அடுத்து ஓர் இணைப்புச் சொல், அதன்பின் விவரம்.

இந்த வரிசையை எல்லோரும் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். தடுமாற்றம் இணைப்புச் சொல்லில்தான். ஹூ, விச், தட், வேர், வென், ஹூஸ் என்று பல இருக்கின்றன. தமிழிலோ 'வந்த', 'வாங்கிய', 'பிறந்த' என்ற பெயரெச்சம் ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும். எந்தச் சொல்லைப் போடுவது என்ற விடை தமிழ்த் தொடருக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. அதை வெளியே எடுக்கும் வழியைப் பார்ப்போம்.

படி 1: பெயரெச்சத்தைப் பிரித்து முழு வாக்கியமாக்குங்கள்

பாடிய பெண்: பெண் பாடினாள்.
நான் வாங்கிய புத்தகம்: நான் புத்தகத்தை வாங்கினேன்.
நான் எழுதிய பேனா: நான் பேனாவால் எழுதினேன்.
நான் பிறந்த வீடு: நான் வீட்டில் பிறந்தேன்.
கார் திருடுபோன ஆள்: ஆளுடைய கார் திருடுபோனது.

பிரித்ததும், முதல் தொடர் தவிர மற்றவற்றில், பெயரோடு ஒரு வேற்றுமை உருபு வந்து நிற்பதைக் கவனியுங்கள். பெயரெச்சத் தொடரில் அது கண்ணுக்குத் தெரியாது. செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்ற ஆறு பெயர்களையும் ஒரே பெயரெச்சம் கொள்ளும் என்று நன்னூல் சொல்வது இதைத்தான். ஆங்கிலத்தில் அந்தச் சலுகை கிடையாது. அதனால் உருபைக் கண்டுபிடிக்காமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

படி 2: உருபைப் பார்த்து இணைப்புச் சொல்லைப் போடுங்கள்

உருபே இல்லையென்றால் அந்தப் பெயர் எழுவாய். ஆளுக்கு ஹூ, பொருளுக்குத் தட் அல்லது விச். 'தி கர்ல் ஹூ சாங்', 'தி பஸ் தட் கேம் லேட்'. இங்கே இணைப்புச் சொல்லை விடவே கூடாது. 'தி பஸ் கேம் லேட்' என்றால் 'பேருந்து தாமதமாக வந்தது' என்று வாக்கியமே முடிந்துவிடும்.

'ஐ' உருபு வந்தால் தட் போடலாம், போடாமலும் இருக்கலாம். 'தி புக் தட் ஐ பாட்', 'தி புக் ஐ பாட்' இரண்டும் சரி. பேச்சில் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். சொன்னாலும் தட் அழுத்தமாக ஒலிக்காது, 'தெட்' என்று லேசாக நழுவிப்போகும். காதில் விழவில்லையே என்று குழம்ப வேண்டாம்.

'ஆல்', 'ஓடு', 'கு' வந்தால் அந்த உருபின் வேலையைச் செய்யும் பிரிபொசிஷன் கடைசியில் நிற்க வேண்டும். 'தி பென் ஐ ரோட் வித்', 'தி ஃபிரெண்ட் ஐ ஸ்போக் டு'. தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் பேசுபவர்கள் அடிக்கடி தவறவிடும் இடம் இது. 'நான் எழுதிய பேனா' என்பதில் 'ஆல்' தெரியாததால் 'தி பென் ஐ ரோட்' என்று நிறுத்திவிடுகிறோம். பிரிபொசிஷனை முன்னால் கொண்டுவந்தும் சொல்லலாம்: 'தி பென் வித் விச் ஐ ரோட்'. இது எழுத்து நடை. அப்போது விச் கட்டாயம். 'வித் தட்' என்று வராது.

'இல்' வந்தால் இடத்துக்கு வேர், காலத்துக்கு வென். 'தி ஹவுஸ் வேர் ஐ வாஸ் பார்ன்', 'தி டே வென் வீ மெட்'. இந்த வென்னை விட்டுவிட்டு 'தி டே வீ மெட்' என்றாலும் சரியே.

'உடைய' வந்தால் ஹூஸ். 'தி மேன் ஹூஸ் கார் வாஸ் ஸ்டோலன்'. ஹூஸ் முடிந்ததும் நேராகக் கார்; நடுவில் 'தி' வராது. 'ஹூ இஸ்' என்பதன் சுருக்கமும் இதே மாதிரி ஒலிக்கும். எழுதும்போது நடுவில் அபாஸ்ட்ரஃபி (எழுத்துக்கு மேலே வரும் ஒற்றைக் குறி) போட்டால் அது 'ஹூ இஸ்' என்ற பொருளுக்குப் போய்விடும்.

இங்கே கொஞ்சம் நிற்போம். பெயர் ஓர் இடத்தைக் குறித்துவிட்டால் போதும், உடனே வேர் போட்டுவிடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. ஒரே ஊரை மூன்று விதமாகப் பாருங்கள்.

நான் வசிக்கும் ஊர்: ஊரில் வசிக்கிறேன். 'தி டவுன் வேர் ஐ லிவ்'.
நான் பார்த்த ஊர்: ஊரைப் பார்த்தேன். 'தி டவுன் ஐ விசிட்டட்'.
நான் போன ஊர்: ஊருக்குப் போனேன். 'தி டவுன் ஐ வென்ட் டு'.

'தி டவுன் வேர் ஐ விசிட்டட்' தவறு. ஊர் இடம்தான், ஆனால் அந்த வாக்கியத்தில் அது செயப்படுபொருள். பெயர் என்ன பொருளைக் குறிக்கிறது என்பதைவிட, பிரித்த வாக்கியத்தில் அது என்ன வேலை செய்கிறது என்பதே முக்கியம்.

படி 3: காலி இடத்தைக் காலியாகவே விடுங்கள்

'தி புக் தட் ஐ பாட் இட்' என்பது தவறு. பிரித்த வாக்கியத்தில் இருந்த 'புத்தகத்தை' முன்னால் போய் நின்றுகொண்டது. அது இருந்த இடத்தில் 'இட்' வைத்தால் ஒரே பொருள் இரண்டு தடவை வந்துவிடும். 'தி பாய் ஹூ ஹீ கேம்' என்பதிலும் அதே கோளாறு.

படி 4: முதன்மை வாக்கியத்தை முடியுங்கள்

'தி கர்ல் ஹூ சாங்' என்பது வெறும் 'பாடிய பெண்'. அவள் என்ன ஆனாள் என்று இன்னும் சொல்லவில்லை. 'தி கர்ல் ஹூ சாங் இஸ் மை சிஸ்டர்' என்று முடிக்க வேண்டும். விவரம் நீளமாக இருந்தால் எழுவாயையே மறந்து, 'ஷீ இஸ் மை சிஸ்டர்' என்று புதிதாகத் தொடங்கத் தோன்றும். அந்த 'ஷீ' வேண்டாம். பன்மையும் இரண்டு இடத்திலும் ஒத்துப்போக வேண்டும்: 'தி புக்ஸ் தட் ஆர் ஆன் தி டேபிள் ஆர் மைன்'.

படி 5: 'என்ற' வந்தால் வழி வேறு

'அவன் ஜெயித்தான் என்ற செய்தி', 'அவன் கொண்டுவந்த செய்தி' என்ற இரண்டையும் பிரித்துப் பாருங்கள். இரண்டாவது 'செய்தியைக் கொண்டுவந்தான்' என்று பிரியும். முதலாவது பிரியாது, 'அவன் ஜெயித்தான்' தன்னளவில் முழு வாக்கியம், அதற்குள் செய்திக்கு இடமே இல்லை. அதுதான் செய்தியின் உள்ளடக்கம்.

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தட் வருவதால் ஒன்றுபோலத் தெரியும்: 'தி நியூஸ் தட் ஹீ வன்', 'தி நியூஸ் தட் ஹீ ப்ராட்'. ஆனால் இரண்டாவதில் தட்டை விச் ஆக்கலாம், விட்டும் விடலாம். முதலாவதில் விச் வராது, தட்டையும் விடாமல் சொல்வதே நல்லது. பள்ளி இலக்கணம் முதலாவதைக் கன்ஜங்ஷன் என்றும் இரண்டாவதை ரிலேட்டிவ் புரோநவுன் என்றும் பிரிப்பது இதனால்தான்.

ஃபேக்ட், ஐடியா, ஹோப், ஃபியர், ஃபீலிங், ரூமர், சான்ஸ் ஆகியவை இப்படி உள்ளடக்கம் கேட்கும் பெயர்கள். 'மழை வரும் வாய்ப்பு' என்பதில் 'என்ற' இல்லாவிட்டாலும் வாய்ப்புக்கு அந்த வாக்கியத்தினுள் இடமில்லை. ஆகவே 'எ சான்ஸ் தட் இட் வில் ரெயின்'.

படி 6: பெயரே இல்லாதபோது வாட்

'அவன் சொன்னது உண்மை' என்பதில் 'சொன்னது' வினையாலணையும் பெயர். தனியாக ஒரு பெயர்ச்சொல் இல்லை. இதற்கு வாட்: 'வாட் ஹீ செட் இஸ் ட்ரூ'. முன்னால் ஒரு பெயர் வந்துவிட்டால் வாட் போடக் கூடாது. 'எவ்ரிதிங் வாட் ஹீ செட்' தவறு, 'எவ்ரிதிங் தட் ஹீ செட்' சரி. இதே போல 'தி வே ஹவ் ஹீ டாக்ஸ்' என்பதும் தவறு. 'தி வே ஹீ டாக்ஸ்' போதும்.

காற்புள்ளி பற்றி ஒரு வார்த்தை. 'மை பிரதர் ஹூ இஸ் எ டாக்டர்' என்று காற்புள்ளி இல்லாமல் எழுதினால், பல சகோதரர்களில் டாக்டராக இருப்பவர் என்று பொருள்படும். ஒரே சகோதரர் என்றால் விவரத்துக்கு முன்னும் பின்னும் காற்புள்ளி வேண்டும். காற்புள்ளிக்குப் பின் தட் போடாதீர்கள். அதற்குப் பதில் ஹூ அல்லது விச் போடுங்கள்.

இப்போது நீங்களே செய்து பாருங்கள்: நான் காத்திருந்த பேருந்து, நாங்கள் தங்கிய ஹோட்டல், தேர்வு தள்ளிப்போகும் என்ற வதந்தி, நீ சொன்னது புரியவில்லை.

விடைகள், அதே வரிசையில்: 'தி பஸ் ஐ வாஸ் வெயிட்டிங் ஃபார்' ('பேருந்துக்காக' என்பதால் கடைசியில் ஃபார்), 'தி ஹோட்டல் வேர் வீ ஸ்டேய்ட்', 'தி ரூமர் தட் தி எக்ஸாம் வில் பி போஸ்ட்போன்ட்', 'ஐ டிட்ன்ட் அண்டர்ஸ்டேண்ட் வாட் யூ செட்'.