ஏ.சி. இல்லாத காரில் கத்திரி வெயிலைக் கடப்பது எப்படி?

என்னிடம் இருப்பது பழைய மாருதி 800. ஏ.சி. இல்லாத மாடல். அந்த வண்டித் தயாரிப்பே 2014-இல் நின்றுவிட்டது, நான் இன்னும் நிற்கவில்லை. ஒவ்வொரு மே மாதமும் ஊர்க்கொடைக்காக (எங்கள் ஊர்க் கோயில் திருவிழா) சென்னையிலிருந்து கோவில்பட்டி போகிறோம். ஏறத்தாழ 560 கி.மீ. நான், மனைவி, மகன், எழுபதைத் தாண்டிய அம்மா.

முதல் வருடம் சாவகாசமாக இட்லி சாப்பிட்டுவிட்டுக் காலை எட்டு மணிக்குத் தாம்பரத்தைத் தாண்டினோம். அன்று செய்யக்கூடாத எல்லாவற்றையும் செய்தோம். அதன்பிறகு ஒவ்வொரு வருடமாகக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். முதல்முறை போகிறவர்கள் இதே வரிசையில் செய்து பாருங்கள்.

படி 1: கிளம்பும் நேரத்தை மாற்றுங்கள்

மற்ற படிகளில் பாதியை மறந்தாலும் பரவாயில்லை, இதை விடாதீர்கள். காலை பதினொன்றிலிருந்து மாலை நான்கு வரை வண்டி ஓடக்கூடாது. கணக்கை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்கள் கணக்கு இது. அதிகாலை மூன்று மணிக்குத் தாம்பரம். விழுப்புரம் தாண்டும்போதுதான் பொழுது விடியும். எட்டு, எட்டரைக்குத் திருச்சி. அங்கே டிபன், அரை மணி ஓய்வு. பதினொரு மணிக்குள் மதுரை. பகல் முழுக்க அங்கேயே. நான்கு மணிக்கு மேல் கிளம்பினால் இருட்டுவதற்குள் கோவில்பட்டி.

ஆனால் ஒரு எச்சரிக்கை. மூன்றிலிருந்து ஐந்து வரைதான் ஓட்டுநருக்குக் கண் சொக்கும் நேரம். முந்தின இரவு எட்டு மணிக்கே படுத்துவிட வேண்டும். அது முடியாது என்றால் முந்தின நாள் மாலை நான்கரைக்குக் கிளம்பித் திருச்சியில் இரவு தங்கிக்கொள்ளுங்கள். லாட்ஜ் செலவு ஆகட்டும். தூக்கக் கலக்கத்தில் ஓட்டுவதற்குப் பதில் வெயிலில் வேகலாம்.

படி 2: வண்டியைப் பாருங்கள்

வெயிலில் மனிதனுக்கு முன்னால் வண்டி படுத்துவிடும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே கூலன்ட் அளவு, ரேடியேட்டர் ஹோஸ், பெல்ட் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம்: இன்ஜினை ஓடவிட்டு நிறுத்தி வையுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடானதும் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுழல வேண்டும். கால் மணி நேரத்துக்கு மேலாகியும் சத்தமே இல்லை, ஆனால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது என்றால் உடனே ஆஃப் செய்துவிட்டு மெக்கானிக்கிடம் போங்கள்.

டயருக்குக் காற்றைக் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது பிடியுங்கள். நண்பகலில் அளந்தால் அழுத்தம் கூடுதலாகத்தான் காட்டும். கூடிவிட்டதே என்று காற்றை இறக்காதீர்கள். டயர் குளிர்ந்ததும் காற்று குறைவாக இருக்கும், அந்த டயர் ஓடும்போது இன்னும் சூடாகும்.

டேஷ்போர்டில் ஹீட்டர் லீவர் நீல முனையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். எங்கள் வண்டியில் அது பாதியில் சிக்கிக்கொண்டு, ஒரு வருடம் முழுக்கக் காலடியில் அனல் வீசிக்கொண்டிருந்தது. வெயில்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்!

படி 3: சீட்டும் நிழலும்

ரெக்சின் சீட் என்றால் முதுகு ஒட்டிக்கொள்ளும். பழைய பருத்திப் போர்வை அல்லது கோரைப்பாயை மேலே விரியுங்கள். மரமணி சீட் கவர் இன்னும் நல்லது, முதுகுக்கும் சீட்டுக்கும் நடுவே காற்று போகும். உடுப்பு தளர்வான பருத்தி. வேட்டி கட்டி ஓட்டிப் பழகாதவர்கள் அன்றைக்குப் பழக வேண்டாம், பிரேக்கில் சிக்கும்.

நிழல் விஷயத்தில் ஒரு நுணுக்கம். தெற்கு நோக்கிப் போகும்போது காலை வெயில் இடப்பக்கம், மாலை வெயில் வலப்பக்கம், அதாவது ஓட்டுநர் பக்கம். அம்மாவைக் காலையில் பின்சீட்டின் வலப்பக்கமும் மதுரைக்குப் பிறகு இடப்பக்கமும் உட்கார வைப்போம். மே மாத உச்சி வெயில் நம் ஊரில் நேர் தலைக்கு மேல்தான், அப்போது கண்ணாடியை விடக் கூரைதான் கொதிக்கும். மேலே கேரியர் இருந்தால் பெட்டிகளைப் பரப்பி இறுக்கிக் கட்டுங்கள். கூரைக்கு நிழலும் ஆச்சு, டிக்கியில் தண்ணீருக்கு இடமும் ஆச்சு.

பின்சன்னலில் துண்டைச் செருகித் தொங்கவிடலாம். ஓட்டுநர் பக்கமும் முன்பக்க இடது சன்னலும் மறைக்காமல் இருக்கட்டும், கண்ணாடியில் பின்னால் வருபவன் தெரிய வேண்டும். கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டும் யோசனை வேண்டாம், 2012-இல் உச்ச நீதிமன்றம் தடுத்ததிலிருந்து அது அபராத வம்பு.

படி 4: கண்ணாடியை எவ்வளவு இறக்குவது?

நான்கையும் முழுக்க இறக்கிவிட்டால் குளிரும் என்று புதிதாக ஓட்டுபவர்கள் நினைப்பார்கள். ஊருக்குள் மெதுவாகப் போகும்போது அது சரி. எண்பதில் போகும்போது காதும் தலையும் வலிக்கும், லாரிப் புகையும் புழுதியும் உள்ளே வரும். அப்போது முன்னால் ஒருபக்கம், பின்னால் அதற்கு எதிர்ப்பக்கம் என்று குறுக்காகத் திறங்கள். பின்கண்ணாடி ஒன்றை மட்டும் திறந்தால் 'துப் துப்' என்று காதில் அடிக்கும்.

நம் தோலின் சூடு ஏறத்தாழ 35 டிகிரி. காற்று அதைவிடக் குளிர்ந்திருந்தால் வேகமாக வீச வீச சுகம். நாற்பதை நெருங்கினால் காற்று நம் சூட்டை எடுப்பதற்குப் பதில் தன் சூட்டை நம் மேல் கொட்டும். அப்போது காப்பாற்றுவது வியர்வை ஆவியாவது மட்டுமே. அதனால் அனல் காற்று அடிக்கத் தொடங்கினால் நான்கு விரல் இடைவெளி மட்டும் விட்டுக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். பெரம்பலூருக்குத் தெற்கே வறண்ட காற்றில் இது அற்புதமாக வேலை செய்யும். திண்டிவனம் வரைக்கும் கடல் ஈரப்பதத்தில் துண்டு காயவே காயாது, கசகசப்புதான் மிச்சம்.

இதே கணக்கில் தண்ணீர் பாட்டிலுக்கும் ஈரத்துணி சுற்றிக் காற்று படும் இடத்தில் வையுங்கள். மண்பானை செய்கிற வேலையை அது செய்யும்.

படி 5: தண்ணீர், அதைவிட முக்கியமாகக் கழிப்பறை

அந்த முதல் வருடம் விராலிமலை பக்கம் வரும்போது அம்மா சத்தமில்லாமல் சாய்ந்துவிட்டார். "தலை சுத்துதுப்பா" என்று மட்டும் சொன்னார். தண்ணீர் வண்டியில் இருந்தது. திண்டிவனத்திலிருந்து அவர் ஒரு வாய் கூடக் குடிக்கவில்லை. ஏன் என்று கேட்டால், "நடுவழியில எங்கப்பா எறங்குறது?" மனைவியும் அதே காரணத்துக்காக வாயை நனைத்துக்கொண்டு மட்டும் வந்திருக்கிறாள். எனக்குத் தெரியவே இல்லை. ஆண்களுக்குச் சாலையோரம் எல்லாம் கழிப்பறை, நமக்கு இது தோன்றாது.

ஆகவே புறப்படுவதற்கு முன்பே நிறுத்துமிடங்களை முடிவு செய்து எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு பெட்ரோல் பங்க், அல்லது சுத்தமான கழிப்பறை உள்ள ஓட்டல். வீட்டுப் பெண்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே நிறுத்துங்கள். இடம் நிச்சயம் என்று தெரிந்தால் அவர்கள் தாமாகவே குடிப்பார்கள்.

தாகம் எடுக்கும் முன்பே, அரை மணிக்கு ஒரு டம்ளர். நான்கு பேருக்குப் பத்து லிட்டருக்குக் குறையாமல் ஏற்றிக்கொள்ளுங்கள். உப்புப் போட்ட நீர்மோர் முதலிடம். இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கையில் இருக்கட்டும். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு மட்ட டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு மீற வேண்டாம். சிறுநீரகம், இதயக் கோளாறு என்று தண்ணீர் அளவு சொல்லப்பட்டவர்கள் டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வழியில் நுங்கும் வெள்ளரிப்பிஞ்சும் கண்ணில் பட்டால் நிறுத்தலாம், முன்பே நறுக்கி ஈ மொய்த்த தர்பூசணித் துண்டு மட்டும் வேண்டாம்.

சாப்பாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன்: பரோட்டா, பிரியாணி கூடாது. புளிசாதம் கெடாது. தயிர்சாதத்தைப் பால் அதிகமாக ஊற்றி, ஒரு கரண்டி தயிர் மட்டும் விட்டுப் பிசைந்தால் பகலுக்குள் புளிக்காமல் பதமாக உறைந்திருக்கும்.

படி 6: பகல் நிறுத்தம்

மதுரையில் சொந்தக்காரர் வீடு இருந்தால் யோகம். இல்லையென்றால் அரைநாளுக்கு ஒரு லாட்ஜ். கோயிலில் உட்காரலாம் என்று நினைத்தால், மீனாட்சியம்மன் கோயில் நடை பகல் 12.30-க்குச் சாத்தி மாலை 4 மணிக்குத்தான் திறக்கும்.

வண்டியை நிறுத்தும்போது இப்போது எங்கே நிழல் என்று பார்க்காமல் மூன்று மணிக்கு எங்கே நிழல் விழும் என்று பாருங்கள். மரத்துக்கோ கட்டடத்துக்கோ கிழக்குப் பக்கம். வேப்பமரம், புளியமரம் சரி, தென்னை கூடாது. ஸ்டீயரிங்கை அரைச் சுற்றுத் திருப்பி வைத்தால் திரும்பி வரும்போது கை சுடாத பாகம் மேலே வரும். லைட்டர், சென்ட் பாட்டில், பவர் பேங்க் எதையும் உள்ளே விடாதீர்கள்.

"ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறோம்" என்று குழந்தையையோ வயதானவரையோ உள்ளே விட்டுப் போகவே கூடாது. கண்ணாடி கொஞ்சம் இறங்கியிருந்தாலும் பத்தே நிமிடத்தில் உள்ளே பத்து டிகிரி வரை ஏறிவிடும்.

திரும்ப ஏறும் முன் ஒரு பக்கக் கண்ணாடியை இறக்கிவிட்டு, எதிர்ப்பக்கக் கதவை ஐந்தாறு முறை விசிறி போல ஆட்டுங்கள். அடைந்து கிடந்த சூடு வெளியே போகும்.

படி 7: ஏதாவது ஆகிவிட்டால்

தலைசுற்றல், வாந்தி வருவது போல இருத்தல், தசை இழுத்தல்: உடனே நிழலில் நிறுத்தி, படுக்க வைத்து, காலைச் சற்று உயர்த்தி, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். பேச்சு குழறுகிறது, ஆளை அடையாளம் தெரியவில்லை, உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது என்றால் அது வெப்பவாதம். நினைவு தெளிவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.

வண்டிக்கும் இதே மாதிரிதான். முள் சிவப்பை நோக்கிப் போனால் ஹீட்டரை முழுக்க வைத்து ப்ளோயரைப் போடுங்கள், இன்ஜின் சூட்டில் கொஞ்சம் வெளியேறும். நமக்குத்தான் நரகம். ஓரமாக நிறுத்தி ஆஃப் செய்துவிடுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். முக்கால் மணியாவது பொறுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033.

படி 8: கடைசி நூறு கி.மீ.

நான்கரைக்கு மதுரையை விட்டால் விருதுநகர் வரை வலப்பக்க வெயில் ஓட்டுநரின் கையைச் சுடும். பழைய முழுக்கைச் சட்டை ஒன்றை எடுத்து வையுங்கள். சாத்தூரில் ஒரு டீ, கொறிக்கக் காராச்சேவு. அதன்பிறகு கரிசல் காட்டுக் காற்று குளிரத் தொடங்கும், கண்ணாடிகளை முழுக்க இறக்கிவிடலாம். கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்கினால் டேஷ்போர்டில் மட்டும் வைக்காதீர்கள். எங்களுடையது ஒருமுறை வெல்லம் இளகி வண்டிப் புத்தகத்தோடு ஒட்டிக்கொண்டது.