ஆறு நாளும் 1,380 கோடி வருசமும்: பிள்ளையள் கேட்டா எப்பிடி விளங்கப்படுத்துறது

மாங்குளம் பக்கம் ஒரு சின்னக் கோயில்ல மறைக்கல்வி படிப்பிக்கிறன், கிழமை நாளில ஓ.எல் பிள்ளையளுக்கு விஞ்ஞானமும் படிப்பிக்கிறன். ரெண்டு வகுப்பிலயும் அதே முகங்கள்தான். அப்ப கேள்வி வராமல் விடுமே. "ரீச்சர், ஞாயிறில கடவுள் உலகத்தை ஆறு நாளில படைச்சவர் எண்டு சொல்லுறியள், செவ்வாயில பிரபஞ்சத்துக்கு 1,380 கோடி வருசம் எண்டு சொல்லுறியள், சோதினையில எதை எழுதுறது?"

அண்டைக்கு நான் சொன்னது, பைபிள்ல ஒரு நாள் எண்டா ஒரு யுகம், ரெண்டும் ஒண்டுதான் எண்டு. அடுத்த கிழமை அதே பிள்ளை பைபிளின்ர முதல் புத்தகமான தொடக்க நூலை (ஆதியாகமம் எண்டும் சொல்லுறது) விரிச்சுக்கொண்டு வந்து, மூண்டாம் நாள் மரஞ்செடி, நாலாம் நாள்தான் சூரியன், அப்ப ஒரு யுகம் முழுக்க வெயில் இல்லாமல் மரம் எப்பிடி நிண்டது எண்டு கேட்டுது. எனக்கு மறுமொழி இல்ல. அதுக்குப் பிறகு நிறைய வாசிச்சு, நிறையப் பேரோட கதைச்சு, இப்ப நான் செய்யிற முறையைத்தான் இதில எழுதுறன். இதே கேள்வியில நிக்கிற ஆக்களுக்கு உதவும்.

முதல்ல கேள்வியைப் பிரியுங்கோ. பூமிக்கு எத்தினை வயது, மீன் முதலா பறவை முதலா, இதெல்லாம் அளந்து பாக்கக்கூடிய கேள்வி, பிழை எண்டா பிழை எண்டு காட்டலாம், அதுக்கு விஞ்ஞானத்தைத் தாராளமாப் பாவியுங்கோ, பயப்பிட ஒண்டுமில்ல. கடவுள் ஏன் படைச்சவர், உலகம் நல்லதோ, மனிசருக்கு என்ன மதிப்பு எண்டதை அளக்க ஒரு கருவியும் இல்ல. கருவி இல்லாததால அது பொய் எண்டும் வராது, நிரூபிச்சாச்சு எண்டும் வராது.

பேந்து ஆறு நாளையும் ரெண்டு வரிசையா எழுதச் சொல்லுங்கோ. இடது பக்கம் வெளிச்சம், வானமும் தண்ணியும், தரை. வலது பக்கம் சூரிய சந்திரர், பறவையும் மீனும், மிருகமும் மனிசரும். பிள்ளையளே கண்டுபிடிப்பினம்: முதல் மூண்டு நாளும் இடம் தயாராகுது, அடுத்த மூண்டு நாளும் அந்தந்த இடத்துக்கு ஆக்கள் வருகினம். எங்கட ஆக்களுக்கு இதை நான் சொல்லி விளங்கப்படுத்தத் தேவையில்ல, காடு வெட்டி, குளம் கட்டி, வாய்க்கால் இழுத்துப் பேந்துதானே வன்னியில குடியேறினது. அந்த ஒழுங்கிலதான் அந்த அதிகாரம் நிக்குது, அது ஆய்வுகூடக் குறிப்பு இல்ல. நம்பாட்டி ரெண்டாம் அதிகாரத்தைப் பக்கத்தில வச்சு வாசியுங்கோ, அதில மனுசன் முதல், மிருகங்கள் பிறகு. தொகுத்த ஆக்களுக்கு இது தெரியாமல் இருந்திராது, தெரிஞ்சும் ரெண்டையும் அப்பிடியே விட்டிருக்கினம்.

இனி ஆருக்கு எழுதினது எண்டு கேக்க வேணும், என்ர வகுப்பில கூட நேரம் போறது இதிலதான். முதலாம் அதிகாரம் கி.மு. 6ம் நூற்றாண்டளவில, எருசலேம் அழிஞ்சு சனம் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட காலத்தை ஒட்டி எழுதப்பட்டது எண்டு அறிஞர்கள் கனபேர் சொல்லுகினம். பாபிலோன்ல சூரியனும் சந்திரனும் தெய்வம், அங்கத்தைக் கதையில மனிசரை உண்டாக்கினதே தெய்வங்களுக்கு வேலை செய்யத்தான். தொடக்க நூல் சூரியன் எண்ட பேரைக்கூடச் சொல்லாமல் பெரிய சுடர், சிறிய சுடர் எண்டு மட்டும் சொல்லி விளக்கு மாதிரித் தொங்க விடுது, அரசனுக்கு மட்டும் சொன்ன கடவுளின்ர சாயலை ஆண் பெண் எல்லாருக்கும் குடுக்குது. வீடு வாசல் விட்டு நடந்த சனத்துக்கு அது எப்பிடிக் கேட்டிருக்கும் எண்டு வன்னிப் பிள்ளையளுக்கு அவையின்ர அம்மப்பாமார் சொல்லுவினம். இதை விட்டுட்டு வருசக் கணக்கில மட்டும் சண்டை பிடிச்சா எனக்கு உண்மையா மனம் நோகும்.

வருசக் கணக்கையும் ஒளிக்காதேங்கோ. கி.மு. 4004 எண்டது பைபிள்ல எழுதியிருக்கிற எண் இல்ல, அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் வம்ச வரலாற்றைக் கூட்டி 1650ல வெளியிட்ட கணக்கு. பூமிக்கு 454 கோடி வருசம் எண்டது யுரேனியம் ஈயமா மாறுற வேகத்தால வந்தது, யுரேனியம் 238 பாதியாக ஏறத்தாழ 447 கோடி வருசம் எடுக்கும். கார்பனை வச்சுப் பாறைக்கு வயது பாக்கிறதாச் சிலர் கதைப்பினம், அது பிழை, கார்பன் 14 பாதியாக 5,730 வருசம்தான், 50,000 வருசத்துக்கு மேல அதால பெரிசாப் பிரயோசனம் இல்ல. வவுனியாப் பக்கம் காலுக்குக் கீழ கிடக்கிற கருங்கல் வன்னித் தொகுதி எண்டு புவியியல்காரர் சொல்லுறது, கேம்பிரியன் காலத்துக்கும் முந்தினது, 54 கோடி வருசத்துக்கு மேல. ஒரு துண்டை வகுப்புக்குக் கொண்டுபோய்க் கையில குடுங்கோ.

மற்றப் பக்கத்துக்கும் சாயாதேங்கோ. பெருவெடிப்பு (பிரபஞ்சம் விரியத் தொடங்கினது) எண்டா "ஒளி உண்டாகுக" எண்டதுக்கு அத்தாட்சி எண்டு பிரசங்கம் வைக்கிற ஆக்கள் இருக்கினம். 1927ல பிரபஞ்சம் விரியுது எண்டு கணக்குப் போட்ட ஜார்ஜ் லமேத்ர் ஒரு கத்தோலிக்கக் குரு, 1951ல பாப்பரசர் 12ம் பத்திநாதர் அந்த மாதிரிப் பேசேக்க லமேத்ருக்கே அது பிடிக்கேல்ல, ரெண்டையும் கலக்கக் கூடாது எண்டு நிண்டவர். பரிணாமத்தைப் பற்றியும் 1950ல அதே பாப்பரசர் ஆராயலாம் எண்டும், 1996ல இரண்டாம் யோவான் பவுல் அது வெறும் கருதுகோளுக்கு மேல எண்டும் சொல்லியாச்சு. ஆதியாகமத்தை எழுத்துக்கு எழுத்து எடுக்கிற சபைப் பிள்ளையளும் என்ர வகுப்பில இருக்கினம், அவையைப் பாத்து மற்றவை சிரிக்க விடாதேங்கோ, வீட்டில சொன்னதை மதிச்சுக்கொண்டே அளவுகளைக் காட்டலாம். சோதினைக்கு என்ர மறுமொழி இப்ப இதுதான்: விஞ்ஞானத் தாளில அளந்ததை எழுது, சமயத் தாளில அந்த அதிகாரம் என்ன சொல்ல வருது எண்டதை எழுது, ரெண்டிலயும் நீ பொய் எழுதேல்ல.

கடைசி வகுப்பைத் தை மாசக் கடைசியில, மழை விட்ட ஒரு அமாவாசை இரவு வெளியில வையுங்கோ. ஏழு மணிக்குக் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் தலைக்கு மேல நிக்கும், அந்த வெளிச்சம் புறப்பட்டு 440 வருசமளவில, அதாவது 1619ல யாழ்ப்பாண ராச்சியம் போர்த்துக்கேயரிட்ட விழ முதலே. வடமேற்கில பஞ்சுத்துண்டு மாதிரி மங்கலா அந்த்ரோமீடா, எங்கட பால்வெளிக்கு வெளியில இருக்கிற இன்னொரு நட்சத்திர மண்டலம், அதின்ர வெளிச்சம் புறப்பட்டு 25 லட்சம் வருசம். வழியிலயே வெளிச்சத்தைக் கடவுள் படைச்சு விட்டிருக்கலாமே எண்டு ஆரும் கேட்டா, அதைச் சோதிச்சுப் பாக்க ஏலாது எண்டு சொல்லுங்கோ, நடக்காத ஒண்டைக் கடவுள் வானத்தில எழுதிக் காட்டுவார் எண்டு என்னால நம்ப ஏலாது எண்டதையும் நான் சொல்லுறனான். பிறகு டோர்ச் ஒண்டை மட்டும் பிடிச்சு முதலாம் அதிகாரத்தைச் சத்தமா வாசிச்சு, டோர்ச்சையும் நிப்பாட்டிட்டு ஒரு அஞ்சு நிமிசம் ஒண்டும் விளங்கப்படுத்தாமல் இருங்கோ. வாற கேள்வியளை ஒரு கொப்பியில எழுதி வையுங்கோ, அடுத்த ஞாயிறு அளக்கிறது எது, அளக்க ஏலாதது எது எண்டு பிள்ளையளே பிரிக்கட்டும்.