டாபிக் கடைசியில்தான்

"அக்கா, எம்.எஸ்சி முடிச்சிட்டேன், பிஎச்.டி பண்ணணும். எந்த டாபிக் எடுக்கலாம்?" கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடிக் கிடக்கும் நேரத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் என்னைப் பிடித்து முதலில் கேட்பது இதைத்தான். முதலில் பணம், அடுத்து கைடு, அதாவது ஆய்வை வழிநடத்துகிற பேராசிரியர், டாபிக் கடைசியில்தான். இந்த வரிசையைத் தலைகீழாகப் போட்டவள் நான். காசநோய்க் கிருமி என்றதும் ஆசைப்பட்டு ஒரு ப்ராஜெக்டில் சேர்ந்தேன். பாதியில் ப்ராஜெக்ட் பணம் நின்றுவிட்டது. ஏழு மாதம் பகலில் லேப், சாயங்காலம் தண்டையார்பேட்டையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன்.

அதனால் முதல் வேலை சி.எஸ்.ஐ.ஆர் நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வு, அதில் உயிரியல் படித்தவர்களுக்கான லைஃப் சயின்சஸ் தாள். அதில் ஜே.ஆர்.எஃப் என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. தொகையைவிட முக்கியம், அது உங்கள் பெயரில் வருகிற பணம். கைடின் ப்ராஜெக்ட் முடிந்தாலும் நிற்காது. ஆனால் மாசம் பிறந்ததும் வந்துவிடும் என்று நம்பி வாடகைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். மூன்று மாதச் செலவுக்குக் கையில் வைத்துக்கொண்டு சேருங்கள்.

தேர்வு மூன்று மணி நேரம், 200 மார்க். அதில் பாதி 'சி' பகுதியில் இருக்கிறது. 75 கேள்வியில் 25-க்கு விடை சொன்னால் போதும். சரியானால் 4 மார்க், தப்பானால் 1 மார்க் போகும். பாடத்திட்டம் 13 யூனிட். எல்லாவற்றையும் மேலோட்டமாகப் புரட்டினவர்கள் இந்தப் பகுதியில்தான் சறுக்குகிறார்கள். ஏழெட்டு யூனிட்டை அடிவரை படியுங்கள். டி.என்.ஏ துண்டுகளைக் கோடு கோடாகப் பிரித்துக் காட்டும் ஜெல் படத்தைக் கொடுத்து, இந்தக் கோடு ஏன் இங்கே இல்லை என்று கேட்பார்கள். மனப்பாடம் அங்கே உதவாது. பழைய கேள்வித்தாளைப் போட்டுப் பார்ப்பதுதான் வழி. வீட்டில் உட்கார்ந்து படிக்க இடமில்லை என்றால் கொளத்தூரில் 2024-ல் திறந்த முதல்வர் படைப்பகம் நமக்குப் பக்கம். ஜே.ஆர்.எஃப் தவறினாலும் நெட் மார்க்கை வைத்துப் பல பல்கலைக்கழகங்களில் சேரலாம்: அதற்கு 70 சதவீதம், நேர்முகத்துக்கு 30. ஒரு வருடம்தான் செல்லும், தள்ளிப்போடாதீர்கள்.

இனி கைடு. பிஎச்.டி ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் 'சோத்கங்கா' இணையதளத்தில் அவர் பெயரைப் போட்டால், அவரிடம் படித்தவர்களின் தீசிஸ் கிடைக்கும். எந்த வருடம் சமர்ப்பித்தார்கள் என்று பாருங்கள். நன்றியுரையை நிதானமாகப் படியுங்கள். யார் கற்றுக்கொடுத்தார்கள், யார் பணம் கொடுத்தார்கள் என்பதெல்லாம் அங்கே இருக்கும். பிறகு நேரில் போங்கள். கொருக்குப்பேட்டையில் ஏறி, பீச்சில் மாறினால் தரமணி. அங்கேதான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஏ.எல்.எம் அடிப்படை மருத்துவ அறிவியல் நிலையம். சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். எங்கே போனாலும் கைடைப் பார்ப்பதற்கு முன் கேன்டீனில் கடைசி வருட மாணவர்களோடு ஒரு டீ குடியுங்கள். போன தடவை முடித்தவருக்கு எத்தனை வருடம் ஆனது? கெமிக்கல் கேட்டால் எத்தனை நாளில் வரும்? ஆய்வுக் கட்டுரையில் முதல் பெயர் யாருக்கு? "சார் நல்லவர்தான்..." என்று இழுத்தால், அந்த இழுப்புக்கு அர்த்தம் என்ன என்று விடாமல் கேளுங்கள். விதிப்படி குறைந்தது மூன்று வருடம், அதிகம் ஆறு. ஒரு பேராசிரியர் எட்டுப் பேர் வரை வைத்துக்கொள்ளலாம். எட்டுப் பேரில் உங்களுக்கு அவர் வாரத்துக்கு எத்தனை நிமிடம் தருவார் என்பதுதான் கேள்வி.

டாபிக் எடுக்கும்போது கிருமியின் வேகத்தைக் கணக்குப் போடுங்கள். காசநோய்க் கிருமியை முட்டை கலந்த பச்சை நிற மீடியத்தில், அதாவது கிருமி வளர்வதற்கான உணவில், விதைத்துவிட்டு 37 டிகிரியில் வைப்பேன். ஒரு வாரம், ஒன்றுமில்லை. இரண்டு வாரம், ஒன்றுமில்லை. மூன்றாவது, நான்காவது வாரத்தில் டியூபைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால், சொரசொரப்பாக, காலிஃப்ளவர் துணுக்கு மாதிரி வெளிர்மஞ்சள் புள்ளி தெரியும். முதல் முறை பார்த்தபோது கை நடுங்கியது, மகிழ்ச்சியில்தான். வேறு கிருமி கலந்துவிட்டாலோ ஒரு மாதம் போச்சு. அதே கிருமிக் குடும்பத்தில் ஸ்மெக்மாடிஸ் என்று இன்னொரு கிருமி இருக்கிறது. மூன்று நான்கு நாளில் வளர்ந்துவிடும், நோய் பயமும் குறைவு. ஜீன் வேலையை அதில் செய்து பார்த்துவிட்டு, தேர்ந்ததை மட்டும் காசநோய்க் கிருமிக்குக் கொண்டுபோங்கள். மெதுவான வேலை ஒன்று, வேகமான வேலை ஒன்று என்று இரண்டையும் கையில் வைத்திருக்கிற மாணவி காத்திருந்து சோர்ந்துபோக மாட்டாள்.

பிஎச்.டி சேர எம்.எஸ்சியில் 55 சதவீதம் வேண்டும், எஸ்.சி, எஸ்.டி, ஓ.பி.சி பிரிவினருக்கு 5 குறைவு. சாதிச் சான்றிதழை இப்போதே எடுத்து வையுங்கள்.

என்னிடம் பத்து வருடப் பழைய கேள்வித்தாள் கட்டு இருக்கிறது, விடைகளோடு. ஞாயிறு சாயங்காலம் வீட்டில்தான் இருப்பேன். தெருவில் யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவார்கள், வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.