நியோவின் கறுப்பு கோட்: தைக்கக் கொடுப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

கீனு ரீவ்ஸ் நியோவாக நடித்த ஹாலிவுட் படம் 'தி மேட்ரிக்ஸ்' வந்தது 1999இல். கால் நூற்றாண்டு தாண்டியும் அந்தக் கறுப்பு நீளக் கோட்டைத் தைத்துக் கேட்பவர்கள் குறையவில்லை. மாறுவேடப் போட்டிக்கு ஒருவர், கல்லூரி விழாவுக்கு ஒருவர், ஊட்டிக் குளிரைச் சாக்கு வைத்து இன்னொருவர். கடைசியில் கைக்கு வருவது பெரும்பாலும் கனமான, மினுமினுக்கிற, நடந்தால் முழங்காலில் இடிக்கிற ஒரு சமாச்சாரம். செலவு செய்யாததால் அப்படி ஆவதில்லை. தேவையில்லாத இடத்தில் செலவு செய்ததால்தான் ஆகிறது.

பெரிய தவறு, தோல். நியோ போட்டிருப்பது தோல் கோட் என்றே பலருடைய நினைவில் பதிந்துவிட்டது. முதல் படத்தில் அது கம்பளிக் கலப்புத் துணி, அதுவும் மலிவான ரகம். ஆடை வடிவமைப்பாளர் கிம் பாரெட் கையில் இருந்த பட்ஜெட் அவ்வளவுதான். நாயகி டிரினிட்டியின் உடையில் தெரியும் பளபளப்பும் தோலில்லை, பிவிசி என்ற பிளாஸ்டிக். நம் கடைகளில் ரெக்ஸின் என்று கேட்டு வாங்குவோமே, அந்தக் குடும்பம். கேமராவுக்குத் துணியின் விலை தெரியாது. வெளிச்சம் அதன்மேல் விழும்போது என்ன ஆகிறது, உடம்பு திரும்பினால் அது எப்படிப் பின்னால் வருகிறது, இந்த இரண்டும்தான் தெரியும். கம்பளி வெளிச்சத்தை உள்வாங்கிக்கொள்ளும், பிவிசி திருப்பி அனுப்பும். இருவரும் தலைமுதல் கால்வரை கறுப்பில் பக்கத்தில் பக்கத்தில் நின்றும் ஒருவரோடு ஒருவர் கலந்துபோகாமல் தெரிவதற்கு இதுவே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இது ஏதோ ஒரு படத்துச் சிக்கனம் என்று ஒதுக்கவும் முடியாது. 2017இல் வந்த 'பிளேடு ரன்னர் 2049'இல் ரயன் காஸ்லிங் போடும் கோட்டைப் பார்த்தால் ஆட்டுத்தோல் என்று சத்தியம் செய்யத் தோன்றும். அது மேற்பூச்சு கொடுத்த பருத்தி. காலரில் இருப்பது செயற்கை ரோமம். படம் முழுக்க மழையும் ஈரமும். நிஜ ஆட்டுத்தோல் நனைந்தால் நடிகரால் சுமக்க முடியாது என்பது வடிவமைப்பாளர் ரெனே ஏப்ரலின் கணக்கு. தோலுக்கு வைத்திருக்கும் பணத்தை நல்ல டெய்லருக்குக் கொடுங்கள்.

அடுத்தது, மேட்ரிக்ஸ் வரிசையின் இரண்டு படங்களைக் குழப்பிக்கொள்வது. 2003இல் வந்த இரண்டாம் பாகத்தில் நியோ போடுவது வேறு உடை. கத்தோலிக்கப் பாதிரியார் அங்கிபோல நிமிர்ந்த காலர், இடுப்புவரை இறுக்கம், அதற்குக் கீழே பாவாடை போன்ற விரிவு. முதல் படத்தில் இருப்பது மடக்கிய காலர் வைத்த சாதாரண நீளக் கோட். காலர் ஒன்றிலிருந்தும் கீழ்ப்பகுதி மற்றொன்றிலிருந்தும் எடுத்த படங்களை டெய்லரிடம் காட்டினால் அவர் இரண்டையும் சேர்த்துத்தான் தைப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது.

நிறத்திலும் ஏமாறுவார்கள். மேட்ரிக்ஸ் எனப்படும் கணினி உலகத்தில் நடக்கும் காட்சிகள் எல்லாவற்றிலும் பச்சைச் சாயல் உண்டு. 2004 டிவிடி பதிப்பில் அது இன்னும் தூக்கல். ஒளிப்பதிவாளர் பில் போப் மேற்பார்வையில் 2018இல் வந்த 4கே பதிப்பில் அடங்கியது. பழைய டிவிடியை நிறுத்திவைத்து, பச்சை கலந்த கறுப்புத் துணி தேடி அலைய வேண்டாம். மங்கலான கறுப்பு போதும்.

சரி, வெட்டுக்கு வருவோம். உயிர்நாடி இங்கேதான். தோளும் மார்பும் அளவாகப் பிடித்து நிற்க வேண்டும், இடுப்புக்குக் கீழே துணி தாராளமாக விரிய வேண்டும். பலர் மொத்தத்தையும் லூசாகத் தைக்கச் சொல்லிவிடுகிறார்கள். மேலே பிடிப்பு இல்லையென்றால் கீழே எவ்வளவு துணி இருந்தாலும் சுழலாது, தொங்கத்தான் செய்யும். விரிவை ஒரே இடத்தில் கொட்டாமல் முதுகு, பக்கம் என்று பல பேனல்களில் (தனித்தனித் துணித் துண்டுகளில்) இடுப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். பின்பக்கத் திறப்பு உயரமாக வேண்டும். இல்லாவிட்டால் மாடிப்படியில் நாலு படி ஏறியதும் தெரிந்துவிடும்.

கல்யாண கோட் சூட் தைக்கும் சில கடைகளில் முன்பக்கம் முழுவதும் விறைப்புக்காகப் பசை வைத்த கேன்வாஸை அயர்ன் பண்ணி ஒட்டிவிடுவார்கள். சின்ன கோட்டுக்கு அது சரி. கணுக்கால்வரை போகிற கோட்டில் முன்பக்கம் அட்டைபோல நிமிர்ந்துகொள்ளும். மார்புக்கும் காலருக்கும் மட்டும் போதும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். லைனிங்கையும் கீழ் ஓரத்தோடு சேர்த்துத் தைக்கக் கூடாது. தனியாகத் தொங்கவிட்டு அங்கங்கே நூலால் மட்டும் பிடித்து வைத்தால்தான் இரண்டு துணியும் தத்தம் போக்கில் அசையும். பேனல்களை கிராஸாக (துணியின் இழைக்குச் சாய்வாக) வெட்டியிருந்தால் ஓரம் மடிக்கும் முன் ஓர் இரவாவது ஹேங்கரில் தொங்கட்டும். துணி தன் எடைக்கு இறங்கி ஓரம் ஏறுமாறாகும். அதற்குப் பிறகு சமன்செய்து மடிக்கலாம்.

நீளத்தை அங்குலக் கணக்கில் காப்பியடிப்பதும் தவறு. கீனு ரீவ்ஸ் ஆறடிக்கு மேல். ஐந்தரை அடிக்காரர் அதே அளவைப் போட்டால் கோட்தான் நடந்து வரும். கணுக்காலுக்கு எவ்வளவு மேலே நிற்கிறது என்பதைப் பார்த்து அளவெடுங்கள்.

சண்டைக்காட்சிப் படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு மண்டையை உடைத்துக்கொள்ளவும் வேண்டாம். இப்படிப்பட்ட படங்களில் ஒரே உடைக்குப் பல பிரதிகள் இருக்கும். கம்பியில் தொங்குபவருக்கு உள்ளே ஹார்னஸ் (உடம்பைத் தாங்கும் பட்டை) போக இடம் வேண்டும், ஸ்டண்ட் கலைஞருக்கு வேறு அளவு.

அப்புறம் பராமரிப்பு. கம்பளிக் கலப்பை ட்ரை கிளீனிங்குக்குத்தான் கொடுக்க வேண்டும், அதுவும் அடிக்கடி அல்ல. வியர்வை காய நிழலில் காற்றாட விட்டு பிரஷ் போட்டாலே போதும். மெல்லிய கம்பி ஹேங்கரில் மாட்டினால் தோள் புடைத்துவிடும். கம்பளிக்கு அந்துருண்டை போடலாம். பக்கத்தில் ரெக்ஸின் உடையோ பிளாஸ்டிக் பொத்தானோ இருந்தால் வேண்டாம், சில பிளாஸ்டிக்குகளை அது இளக வைத்துவிடும். ரெக்ஸினை மடித்து பீரோவில் அடுக்கினால் மடிப்பிலேயே வெடிக்கும். பாலியூரித்தேன் பூசிய ரகம் என்றால் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் சில வருடங்களில் செதில் செதிலாக உரியும். உரிய ஆரம்பித்த பிறகு பாலிஷ், எண்ணெய், தைலம் எதைத் தடவினாலும் பலனில்லை.