24 அங்குலம் வெட்டினால் 15 அங்குலம்தான் கிடைக்கும்: காற்றுப் பாய் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி, தானே செய்த காற்றுப் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார். மலையேற்றத்துக்குக் கொண்டுபோகவாம். டிபியு (சூட்டில் உருகி ஒட்டும் பிளாஸ்டிக்) பூச்சுள்ள நைலான் துணி, சூடு வைத்து ஒட்டி நேர்கோடாக ஓடிய சீல், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல வேலை. ஊதினோம். ஊத ஊதப் பாய் ஒடுங்கிக்கொண்டே போனது, அவர் முகமும்தான். “கம்ப்யூட்டரில் வரைந்து லேசரில் வெட்டினேன் அண்ணா, ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகவில்லை” என்றார். வெட்டு சரிதான். எட்டு வருடத்துக்கு முன் நான் கத்திரியால் செய்த அதே தவறை அவர் லேசரில் செய்திருந்தார்.

துணியில் ஊசி படாமல் பார், சூட்டில் கையை வைக்காதே என்பதெல்லாம் எல்லோரும் சொல்வது. அதை விட்டுவிடுகிறேன்.

விரித்த அளவை ஊதிய அளவு என்று நம்புவது

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான். மலையேறும் நண்பர் கூட்டம் ஒன்று பத்துப் பாய் கேட்டது. தோள் அகலம் 22 அங்குலம் வேண்டும். ‘கொஞ்சம் தாராளமாகவே இருக்கட்டும்’ என்று 24 அங்குலம் வைத்து, நாலு நாலு அங்குலமாக ஆறு குழல் பிரித்து, பத்துக்கும் ஒரே நாளில் துணியை வெட்டிவிட்டேன். வால்வுப் பார்சல் வரத் தாமதம். சும்மா இருப்பானேன் என்று வால்வு மூலையை மட்டும் திறந்து விட்டு, பத்தையும் சீல் போட்டு அடுக்கினேன். வால்வு வந்து முதல் பாயை ஊதினால், அகலம் பதினைந்து அங்குலத்துக்குச் சற்று மேல். ஒருக்களித்துப் படுத்தால்கூட முழங்கை தரையில் இருக்கும்.

கணக்கு எளிது. நாலு அங்குல அகலத்தில் இரண்டு துணியை வைத்து இரு ஓரமும் சீல் செய்தால், சுற்றளவு எட்டு அங்குலம். காற்றடைத்தால் அது உருளையாகத்தான் மாறப் பார்க்கும். எட்டை 3.14-ஆல் வகுத்தால் விட்டம் 2.55 அங்குலம். அதாவது விரித்த அகலத்தில் 64 சதவீதம்தான் மிஞ்சுகிறது. காலிப் பால் பாக்கெட்டைக் கழுவி மேசையில் விரித்து, பக்கத்தில் பால் உள்ள பாக்கெட்டை வைத்துப் பாருங்கள், எது அகலம் என்று தெரியும்.

இதைச் சொன்னதும் புதியவர்கள் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: “அப்போ குழலைச் சின்னதாக்கிவிடலாமே?” ஆகாது. நாலு அங்குலக் குழலானாலும் ஓர் அங்குலக் குழலானாலும் விகிதம் அதேதான். பாயின் தடிமன்தான் குறையும். ஊதிய பிறகு 22 அங்குலம் வேண்டுமானால், விரித்த நிலையில் குழல்களுக்கு மட்டும் 34 அங்குலத்துக்கு மேல் வேண்டும். சீல் கோடுகள் சுருங்காது, அவற்றின் அகலத்தைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். வாயால் ஊதும் குறைந்த அழுத்தத்தில் குழல் முழு வட்டமாகாமல் இருந்தால் சுருக்கம் கொஞ்சம் குறையும். அதனால்தான் இரண்டு மூன்று குழலோடு ஒரு சின்ன மாதிரி செய்து ஊதி அளக்கச் சொல்கிறேன்.

வட்டமான மெத்தைக்கு வேறு கணக்கு. ஒரு மீட்டர் விட்டமுள்ள இரண்டு வட்டங்களை ஓரத்தில் சீல் செய்து ஊதினால் விட்டம் 76 சென்டிமீட்டராகும், ஓரமெல்லாம் சுருக்கம் விழும். பிறந்தநாள் ஃபாயில் பலூனின் விளிம்பைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

பாயிலும் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் அதே கதை. நடுவில் குழல்கள் ஒடுங்கும்போது குறுக்கே ஓடும் சீல் ஒடுங்க மறுத்து மடிப்பு மடிப்பாக நிற்கும். கிழிசல் அங்கேதான் தொடங்கும். குழல் பிரிக்கும் கோட்டை ஓரம் வரை இழுக்காமல் முன்னாலேயே நிறுத்துங்கள், காற்று போகவும் வழி வேண்டுமே. நிறுத்தும் இடத்தில் நுனியைக் கூராக விடாமல் காசு போல வட்டமாக முடியுங்கள். கூர் நுனியில் துணி உரிபட்டுக்கொண்டே போகும்.

சுருங்காமல் தட்டையாகவே நிற்க வேண்டுமானால் வழி வேறு. மேல்துணியையும் கீழ்த்துணியையும் ஆயிரக்கணக்கான நூல்கள் உள்ளே இழுத்துப் பிடித்திருக்கும் ‘டிராப் ஸ்டிட்ச்’ துணி. நின்றுகொண்டு துடுப்புப் போடும் பலகைகள் இதில்தான் வருகின்றன, 12 முதல் 15 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) வரை தாங்கும். 1956-இல் குட்இயர் நிறுவனம் இப்படிப்பட்ட துணியில் ஊதிப் பறக்கும் விமானமே செய்தது. அந்தத் துணியை வீட்டில் நெய்ய முடியாது, வாங்கத்தான் வேண்டும்.

பூச்சில்லாத பக்கத்தைச் சீல் செய்வது

ஒட்டாது. அவ்வளவுதான்.

ஸ்டீம் அயர்ன்

அடியில் ஓட்டை உள்ள இடத்தில் சூடு இறங்காது, அங்கே காற்று கசியும். தட்டையான பழைய இஸ்திரிப் பெட்டியே மேல். சீல் போட்டதும் பெட்டியைத் தூக்கிவிட்டுக் கிளம்பாமல், ஆறும் வரை மரக்கட்டையால் அழுத்துங்கள். துண்டுத் துணியில் போட்டு உரித்துப் பார்க்கலாம். நல்ல சீல் என்றால் பூச்சு துணியை விட்டுப் பிய்ந்து வரும். இரண்டு துணியும் சுத்தமாகப் பிரிந்தால் சூடு போதவில்லை.

வால்வைக் கடைசியில் வைப்பது

கை உள்ளே போகாது. பத்து முறை முயன்றவன் சொல்கிறேன்.

மழைநாளில் பிவிசி ஒட்டுவது

பிவிசி பூச்சுத் துணியை ஒட்டும், இரண்டு பாகம் கலக்கும் பாலியூரித்தேன் பசை காற்றின் ஈரத்தோடு சேர்ந்து கெட்டுப்போகும். ஐப்பசியில் ஒட்டிய ஓரம் ஒன்று எனக்குத் தை மாதத்தில் ஸ்டிக்கர் போல உரிந்து வந்தது.

பஞ்சர் கடை கம்ப்ரஸர்

ஆறடிக்கு இரண்டடிப் பாய் என்றால் 1,728 சதுர அங்குலம். ஒரே ஒரு பிஎஸ்ஐ அழுத்தம், மேல்துணியை ஏறக்குறைய 780 கிலோ விசையோடு தள்ளும். காருக்கு அடிப்பது 30 பிஎஸ்ஐ. மிச்சத்தை நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

அந்தப் பத்துப் பாய்களில் நாலைச் சிறுபிள்ளைகளுக்குக் கொடுத்தேன். மற்றவை பரணில் கிடக்கின்றன. தம்பி கிளம்பும்போது ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அளந்து பார்த்துவிட்டு, “என்னுடையதைவிட அரை அங்குலம் அகலம் அண்ணா” என்றார்.