நாடித்துடிப்புக் கணக்கை நான் திருத்திக்கொண்ட விதம்

ஐம்பது வயதில் மெதுவோட்டம் தொடங்கியபோது, 220-இலிருந்து வயதைக் கழித்து, நிமிடத்துக்கான உச்ச இதயத் துடிப்பாகக் கொள்ளும் 170-இன் 60 முதல் 70 விழுக்காடு, அதாவது 102 முதல் 119 வரை, என் துடிப்பு இருந்தால் போதும் என்று கணக்கிட்டேன். அந்த எல்லைக்குள் வேகநடையைத் தாண்டவே முடியவில்லை. வியர்வைகூட எட்டிப் பார்க்கவில்லை.

ஓய்வுத் துடிப்பை நான் சேர்க்காததே பிழை. காலையில் படுக்கையை விட்டு எழுமுன் மூன்று நாள் எண்ணியதில் 62 வந்தது. 170-இலிருந்து அதைக் கழித்தால் கிடைக்கும் 108-இல் 60 முதல் 70 விழுக்காட்டை எடுத்து, அதனுடன் மீண்டும் 62-ஐக் கூட்டும் கார்வோனன் முறைப்படி, என் எல்லை 127 முதல் 138 வரை என்றானது. கட்டைவிரலால் நாடி பார்த்ததும் தவறுதான். அதன் சொந்தத் துடிப்பு எண்ணிக்கையைக் குழப்பும். இப்போது ஓட்டம் நின்றவுடன், துடிப்பு இறங்குமுன், இரு விரல்களால் 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குகிறேன்.

170 என்பதும் சராசரிதான்; ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்புக்கு மேலும் வேறுபடலாம். ஆகவே ஓடும்போது சிறு வாக்கியங்கள் பேச முடிகிறதா என்பதையும் பார்த்துக்கொள்கிறேன். இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கு இக்கணக்கு பொருந்தாது. அவர்கள் மருத்துவரிடமே கேட்க வேண்டும்.